டாக்டருக்கு வில்லங்கம் பார்த்தது

தம்பி, அந்த ஜன்னலோரத்த இவளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பியளா? காத்து வந்தா தெளிச்சலா இருக்கும். கண்ணு சரியில்லாதவ. நல்லாருப்பிய. ஏட்டி வடிவு, கம்பியப் பிடிச்சுக்க. அது கம்பி இல்ல, தம்பியோட கையி. இங்கன, இங்கன. ஆங், உக்காரு. நான் நடுவுல இருந்துக்கிடுதேன். தம்பி, நீங்க இந்த ஓரத்துல வாங்க.

எந்த ஊரு தம்பி நீங்க? அந்த மஞ்சப் பையில என்ன, சூடா இருக்கு? கஞ்சியா? யாருக்கு? அம்மாவுக்கா. பெரியாஸ்பத்திரியில சேத்திருக்கியளா? அப்ப அந்த ஸ்டாப்புலதான் எறங்குவிய. என்ன செய்யுது அம்மாவுக்கு? சரி சரி, நெறைய கேக்குதேனோ. தப்பா நெனைக்காதிய. என் தொழில் அப்படி.

நான் பத்திரம் எழுதுதவன். பூவாணிப்பேரி சார்பதிவாளர் ஆபீசுக்கு எதுத்தாப்ல, ஆறுமுகநயினார், பத்திர எழுத்தர்னு ஒரு போர்டு தொங்கும். பஸ்ஸுல போகும்போது பாத்திருப்பிய. எடம் வாங்க வாரவன் என்ன பாப்பான்? தண்ணி இருக்கா, ரோடு இருக்கான்னு பாப்பான். நான் அத பாக்கவே மாட்டேன். விக்கிறவன் ஏன் விக்கிறான்? அதத்தான் பாப்பேன். நல்ல எடத்த ஒருத்தன் வலிய வந்து குடுக்கான்னா உள்ள ஏதோ கெடக்குன்னு அர்த்தம். தங்கச்சி பங்கு பாக்கி இருக்கும். கோர்ட்டுல தடை இருக்கும். தாய்ப்பத்திரம் எங்கடேன்னா தலையச் சொறிவான். வில்லங்கம் பாக்காம நான் ஒரு சென்ட் எடத்துக்குக்கூட எழுதினதில்ல. என்னை ஏமாத்துனவன் இன்னும் பொறக்கல, பாத்துக்கிடுங்க.

இவ பேரு சங்கரவடிவு. எனக்கு இவதான் வலது கை. பத்திரத்த எழுதி முடிச்சு வீட்டுக்குக் கொண்டுபோவேன். வெளக்கு வச்ச பெறகு இவ உக்காந்து சத்தமா வாசிப்பா. நான் பழைய பத்திரத்தக் கையில வச்சுக்கிட்டுச் சரிபாப்பேன். கிழக்கே இன்னாரு வீடு, மேற்கே வாய்க்கா, வடக்கே நடைபாதை, தெக்கே கோயில் நெலம்னு நான்கெல்லையும் அப்படியே ராகம் போட்டு வாசிப்பா. ஒரு எழுத்து தப்பாது. நான் எழுதுனதுல பெழை இருந்தா, "என்னங்க, தெக்கயும் கோயிலு, வடக்கயும் கோயிலுன்னு எழுதியிருக்கிய, சாமி எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்காரு?"ன்னு சிரிப்பா. அப்படி இருந்தவ ஒருநா "வடக்கே"ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டா. என்னட்டின்னேன். "எழுத்து மேல பனி கெடக்க மாதிரி இருக்குங்க"ன்னா.

புரை. ரெண்டு கண்ணுலயும். வலதுதான் மோசம்.

எங்க ஊருலயும் ஆஸ்பத்திரி இருக்கு தம்பி. சும்மா சொல்லக் கூடாது, பெரிய கட்டடம். கண்ணு டாக்டர்தான் இல்ல. இருந்தவரு மாறுதல் வாங்கிட்டுப் போயிட்டாரு, அதுக்குப் பெறகு ஒருத்தரும் வரல. கண் ஆப்பரேசன் தியேட்டர்ல பிரசவ வார்டு மெத்தைய அடுக்கி வச்சிருந்தாவ. புது மைக்ராஸ்கோப்பு ஒண்ணு, யாரோ தானமாக் குடுத்தது, அதுக்கு ஒரு பழைய போர்வையப் போத்தி மூலையில நிறுத்தியிருந்தாவ. நர்சம்மா ஒருத்தி அது மேல குடைய மாட்டி வச்சிருந்தா. என் கண்ணால பாத்தேன்.

நான் எப்படிப் பாத்தேன்னு கேக்குதியளா? ஆஸ்பத்திரி ஆலோசனைக் கமிட்டியில நான் மெம்பருல்லா. பெரிய டாக்டரு தனசீலன்னு ஒருத்தரு, நல்ல மனுசன், ஆனா கூறு பத்தாது. எல்லாரையும் நம்புவாரு. அவருதான் மேலிடத்துக்கு எழுதி எழுதி, ஒப்பந்தத்துல தற்காலிகமா ஒரு கண் டாக்டர் போட்டுக்கிடலாம்னு உத்தரவு வாங்குனாரு. பேப்பர்ல விளம்பரம் வந்துச்சு. நேர்முகத் தேர்வு அன்னைக்கு என்னையும் மரியாதைக்கு ஒரு நாற்காலி போட்டு உக்கார வச்சாவ. சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தோம். ஒரு ஈ காக்கா வரல. வாங்கி வச்ச வடையெல்லாம் நாங்களே தின்னோம்.

மறுபடியும் விளம்பரம். மறுபடியும் வடை. அன்னைக்குத்தான் அந்தம்மா வந்தாவ.

டாக்டர் வசுமதி. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஈரோட்டுப் பக்கம். தனியா வந்தாவ, பஸ்ஸுல வந்தாவ. கண் டாக்டரு பஸ்ஸுல வாராகளா தம்பி? அங்கனயே எனக்கு முதல் சந்தேகம் வந்துட்டு. படிப்பப் பாத்தா மெடல் எல்லாம் வாங்கியிருக்காவ. பெரிய பெரிய ஆஸ்பத்திரியில கை நெறைய ஆப்பரேசன் பண்ணியிருக்காவ. தனசீலன் டாக்டருக்கு வாயெல்லாம் பல்லு. "எப்ப சேருதிய, நாளைக்கேவா?"ங்காரு. அடப்பாவி மனுசா, ஒரு கேள்வி கேட்டியா?

நான் கேட்டேன். "ஏம்மா, இவ்வளவு பெரிய படிப்பு. இங்க எதுக்கு வாரிய?"

அவுக சிரிச்சாவ. "பழைய எடத்த விட்டுட்டனுங்க. கோயமுத்தூர்ல ஒரு வேலை, பொங்கலுக்கு அப்பறந்தான் சேரணும். அதுவரைக்கும் சும்மா உக்காந்திருந்தா கை மறந்துடுமுங்க. எங்க ஆளில்லாம இருக்குதோ அங்க செஞ்சா நல்லதுன்னு வந்துட்டனுங்க. அவ்வளவுதானுங்க."

எதுக்கெடுத்தாலும் ஒரு "ங்க". எங்க ஊருல இவ்வளவு மரியாதையா ஒருத்தன் பேசுனான்னா ஏமாத்திக் கையெழுத்து வாங்க வந்திருக்கான்னு அர்த்தம். கை மறந்துடுமாம்! இந்தக் காரணத்தச் சொல்லி ஒரு ஆளு அவ்வளவு தொலைவுல இருந்து வருமா தம்பி? நீங்க நம்புவியளா? நம்புவியளா? சின்னப் பிள்ள நீங்க. உலகம் தெரியாது.

வேலைக்கு எடுத்துட்டாவ. நான் மட்டும் யோசிக்கணும்னு சொன்னேன். தனசீலன் என்ன சொன்னாரு தெரியுமா? "அண்ணாச்சி, வந்திருக்கது ஒரே ஆளு. யோசிக்கதுக்கு என்ன இருக்கு?" அதத்தான நானும் சொல்லுதேன்! ஒரே ஆளு ஏன் வந்திருக்கு?

சேந்த மறுநாளே மெத்தையெல்லாம் வெளிய. போர்வைய உருவி, குடைய எறிஞ்சு, மைக்ராஸ்கோப்பத் தொடச்சு வச்சாவ. அந்த வாரமே ஆப்பரேசன் ஆரம்பிச்சிட்டு. சும்மா சொல்லக் கூடாது, கண்ணு மங்குனவுகளுக்கெல்லாம் கண்ணு தெரிஞ்சுச்சு. பொன்னுத்தாயின்னு ஒருத்தி, சத்துணவு ஆயாவா இருந்தவ, கட்டு அவுத்த அன்னைக்குத் தெருவுல நின்னு ஒவ்வொரு வீட்டுச் சொவத்துல எழுதியிருக்கதையும் எழுத்துக் கூட்டி வாசிச்சுக்கிட்டே போறா. "விளம்பரம் செய்யாதீர்"னு போட்டிருக்கதக் கூட சாமி பாட்டு மாதிரி வாசிக்கா. ஊரே வேடிக்கை பாத்துச்சு.

எல்லாரும் ஆஹா ஓஹோங்காவ. எனக்கு மட்டும் உள்ள அரிக்கி. ஏன்னா ஏமாத்துதவன் முதல்ல நல்லாத்தான் செய்வான். எத்தன பேரப் பாத்திருக்கேன்!

அப்பத்தான் செல்வின் சொன்னான். செல்வின் யாருன்னா, டவுன்ல தனியார் கண் ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்குல்லா, அதோட வேன்காரன். எங்க ஊருல வந்து, கண்ணு தெரியாத ஆளுகள வேன்ல ஏத்திக்கிட்டுப் போயி அங்க காட்டுவான். தங்கமான பையன். என் கடைக்கு வந்தா எனக்கு டீ சொல்லாம உக்கார மாட்டான். தீவாளிக்கு ஸ்வீட்டு, வருசப் பொறப்புக்குக் காலண்டரு. அந்தம்மா வந்த பெறகு அவன் வேன் காத்தாடுது. பாவம், பொழப்புப் போச்சு. ஆனா ஒரு வார்த்தை அந்தம்மாவப் பத்தித் தப்பாச் சொல்லுவானா? மாட்டான். "அண்ணாச்சி, நான் ஒண்ணும் சொல்லல. நீங்க விவரமான ஆளு. ஈரோட்ல என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை விசாரிங்களேன்"ன்னான். அவ்வளவுதான். குணம்னா அது குணம்.

ஈரோட்ல என் சகலை இருக்கான், ஜவுளிக் கடையில கணக்குப் பாக்கான். போனப் போட்டேன். விசாரிச்சுட்டுச் சொன்னான். "அந்தம்மா மொதலாளி கூடச் சண்டை போட்டுட்டு வெளிய வந்துட்டாங்களாம். தேவையில்லாதவங்களுக்கெல்லாம் ஆப்பரேசன் எழுதச் சொன்னாங்களாம், அந்தம்மா மாட்டேன்னுட்டாங்களாம்"ன்னான். பாத்தியளா? சண்டை! நான் சொன்னேம்லா, வில்லங்கம் இருக்கும்னு. சண்டை போட்டுட்டு வந்த ஆளு. என்னது? எதுக்குச் சண்டைன்னா? அது கெடக்கு தம்பி. சோறு போட்ட மொதலாளிகிட்ட சண்டை போட்டாவளா இல்லையா? அதச் சொல்லுங்க.

அதுக்குள்ள இவ என்ன பண்ணுனா தெரியுமா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம, பொன்னுத்தாயி கையப் பிடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. அந்தம்மா பாத்துட்டு, "வலது கண்ணு நல்லா முத்திருச்சுங்க, தள்ளிப்போடக் கூடாது, வரிசைப்படி இன்னும் மூணு வாரத்துல தேதி, திங்கக்கெழமை வந்துருங்க"ன்னு சொல்லிட்டாவ. வீட்டுக்கு வந்து இவ நிக்கா, முகமெல்லாம் சிரிப்பு. "என்னங்க, முந்துன நாள் தலைக்குக் குளிக்கணுமாம், மாத்துச் சேலை எடுத்துட்டு வரணுமாம். ஒரு மாசத்துல பத்திரம் வாசிச்சிருவேனாம்"னு.

பொறுட்டின்னேன். நான் விசாரிச்சு முடிக்கலன்னேன். "கண்ணக் குடுக்கப் போறியா, எடத்த விக்கப் போறியா? எடம் போனா வழக்குப் போடலாம். கண்ணு போனா?" நான் கேட்டதுல என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க.

இருங்க, கண்டக்டர் வாராரு. டவுன் பஸ்ஸ்டாண்டு ரெண்டு. ஆமா, எங்களுக்குத்தான். செல்வின் அங்கன வந்து நிப்பான்.

அந்த வார ஞாயித்துக்கெழமைதான் எனக்குக் கையும் களவுமா அகப்பட்டுச்சு. லீவு நாள். டாக்டர்னா வீட்டுல இருக்கணும், இல்ல குத்தாலத்துக்குப் போகணும். அந்தம்மா என்ன செய்தாவ? கையில ஒரு டார்ச்ச வச்சுக்கிட்டு கீழத்தெரு, மேலத்தெருன்னு வீடு வீடாப் போறாவ. நானும் பின்னாலயே போனேன். அவுக ஒரு வீட்டுக்குள்ள போனா நான் எதுத்த வீட்டு வாசல்ல நிப்பேன். கெழடு கட்டைகள வெளிய கூப்புட்டு, முகவாயத் தூக்கி, கண்ணுல டார்ச் அடிச்சுப் பாக்காவ. "உங்களுக்கு இப்ப வேண்டாங்க பாட்டி. உங்களுக்கு வேணுங்க, திங்கக்கெழம வாங்க." ஆளப் பிடிக்காவ, தம்பி! கவர்மெண்டுச் சம்பளம் வாங்குத டாக்டரு எதுக்கு வலியப் போயி ஆளப் பிடிக்கணும்? கோயமுத்தூர்ல சேரப் போறாகள்லா, அங்க கொண்டுபோகத்தான்! பேரு, ஊரு எல்லாம் சேத்துக்கிட்டு, பொங்கல் முடிஞ்சதும் மொத்தமா ஏத்திக்கிட்டுப் போயிருவாவ. எனக்குப் பளிச்சுனு வெளங்கிட்டு. செல்வின்கிட்ட சொன்னேன். "அண்ணாச்சி, இது எனக்குத் தோணவே இல்ல பாத்தியளா"ன்னு அசந்துபோயிட்டான்.

வடிவு... ஏட்டி வடிவு. தூங்கிட்டா. இல்ல, கருப்புக் கண்ணாடி போட்டிருக்காளா, தூங்குதாளா முழிச்சிருக்காளான்னு எனக்கே தெரிய மாட்டேங்கு. தலைய சாச்சிருக்கா பாருங்க, தூங்குதா. இத அவகிட்ட நான் சொன்னதில்ல. நல்ல காரியம் பண்ணிட்டு நாமளே தம்பட்டம் அடிக்கக் கூடாதுல்லா. பைய சொல்லுதேன், இப்படிக் கிட்ட வாங்க.

மனு எழுதுனேன். எழுதுததுதான என் தொழிலு. அடடா, என்ன மனுங்கிய! பொதுமக்களாகிய நாங்கள்னு ஆரம்பிச்சு, மேற்படி மருத்துவர் மேற்படி ஊரில் மேற்படி நோக்கத்துடன்னு, படிக்கவனுக்கு ரத்தம் கொதிக்கும். வாசிச்சுச் சரிபாக்கத்தான் இவளுக்குக் கண்ணு இல்ல. அதனால அப்படியே குடுத்துட்டேன்.

பொதுமக்கள்னா கையெழுத்து வேணும்லா? ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னேன். வாரவுக போறவுககிட்ட, ஆஸ்பத்திரி நல்லதுக்கு ஒரு மனு, இங்கன கைநாட்டு வைங்கன்னேன். நம்ம சனம் நல்ல சனம், என்ன ஏதுன்னு கேக்காது. நயினார் அண்ணாச்சி சொன்னாச் சரியா இருக்கும்னு வரிசையா வச்சாவ. அந்தப் பொன்னுத்தாயிதான் வம்பு. "குடுங்க அண்ணாச்சி, இப்பத்தான் எனக்குக் கண்ணு தெரியுதே, வாசிச்சுப் பாத்துட்டுப் போடுதேன்"ங்கா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! எத்தன வருசமாப் பத்திரம் எழுதுதேன், என்னையே சந்தேகப்படுதா. மனுசன மனுசன் நம்பலைன்னா உலகம் எப்படி நடக்கும்? தாளப் பிடுங்கிட்டு வந்துட்டேன். அதுக்குள்ள நாலு வரி வாசிச்சிருப்பா போல. ஒரு பார்வ பாத்தா.

மனு மேல போச்சு. மேலருந்து உத்தரவு வந்துச்சு, விசாரணை முடியுத வரைக்கும் தியேட்டரப் பூட்டுன்னு. என்னைக்கு? இவளுக்குத் தேதி குடுத்த அந்தத் திங்கக்கெழமதான்.

எனக்கு என்ன தெரியும், அன்னைக்கே பூட்டுவாங்கன்னு? இவ என் பேச்சக் கேக்காம முந்துன நாளே தலைக்குக் குளிச்சு, சேலையத் துணிப்பையில எடுத்து வச்சுக்கிட்டு, வெறும் வயித்தோட விடியக்காலமே போயிருக்கா. மதியம் திரும்பி வந்தா. நடையில உக்காந்தா. "பூட்டியிருக்குங்க"ன்னா. "யாரோ மனுப் போட்டுட்டாங்களாம். எல்லாரும் தலைக்குக் குளிச்சிட்டு வந்து வாசல்ல நிக்கோம். அந்தம்மா ஒவ்வொருத்தர் கையவும் பிடிச்சு, மன்னிச்சிருங்க, வீட்டுக்குப் போங்கங்காங்க. அவங்க கண்ணெல்லாம் தண்ணி"ன்னா. நான் தட்டுல சோறப் போட்டுக் குடுத்தேன். அவ திங்கல.

விசாரணை நடந்துச்சு. ஆபீசரு ஒருத்தரு வந்தாரு, கேட்டாரு, போனாரு. ஒரு குத்தமும் இல்லன்னு முடிக்கதுக்குள்ள மார்கழி முடிஞ்சிட்டு. ஒப்பந்தமும் முடிஞ்சிட்டு. இவ்வளவு நாளும் அந்தம்மா தியேட்டர் வாசல்ல ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்து சொட்டு மருந்து எழுதிக் குடுத்துக்கிட்டு இருந்தாவ. போயிருக்கலாம்லா? போகல. அதுவும் எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு.

ஊரக் காலி பண்ணுத அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்தாவ தம்பி. நேரா என் வீட்டுக்கு. நான் வாசல்லயே நின்னுக்கிட்டேன். என்ன எழவுக்கு வந்திருக்காவளோன்னு. என்னையத் தாண்டி உள்ள போயி, இவ பக்கத்துல உக்காந்து, டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "வடிவம்மா, இனி காத்திருக்க வேண்டாமுங்க. ரொம்ப முத்திருச்சு, கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறிரும். தலைவலி, வாந்தி வந்துட்டா அப்பறம் பார்வையக் காப்பாத்தறது கஷ்டமுங்க. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க. அங்க எங்கூடப் படிச்ச செண்பகம்னு ஒருத்தி இருக்கா, சொல்லி வச்சிருக்கறேன்"ன்னாவ. இவ அந்தம்மா கையப் பிடிச்சவ விடவே இல்ல.

அவுக போன பெறகு நான் சொன்னேன், பாத்தியா, கமிஷனுக்கு ஆளு அனுப்புதாவன்னு. என்ன தம்பி? பெரியாஸ்பத்திரி கவர்மெண்டு ஆஸ்பத்திரிதானன்னா? கவர்மெண்டுன்னா கமிஷன் இருக்காதா? நீங்க வேற. கேளுங்க, அந்தம்மா பொங்கல் முடிஞ்சதும் கோயமுத்தூர்ல சேந்துட்டாவளாம். செல்வின்தான் விசாரிச்சுச் சொன்னான். பாத்தியளா? முதல் நாளு என்கிட்ட சொன்னது அட்சரம் பிசகாம நடந்திருக்கு. அப்பன்னா எல்லாம் முன்னாலயே திட்டம் போட்டு வந்திருக்காவ!

செல்வின் சொன்னான், "அண்ணாச்சி, அவசரப்படாதிய. மாசிக் கடைசியில எங்க இலவச முகாம் வருது, வேன்லயே கூட்டிட்டுப் போயிருதேன்"னு. சரின்னு இருந்தேன். பையன் அவ்வளவு பிரியமாச் சொல்லுதான், நம்பாம இருக்க முடியுமா?

மாசி பொறந்து கொஞ்ச நாளுதான். காலையில பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தவ அப்படியே கெணத்தடியில உக்காந்துட்டா. தலை பொளக்குங்கா. வாந்தி எடுக்கா. வலது கண்ணு ரத்தமாச் செவந்துட்டு. செல்வினுக்குப் போனப் போட்டேன். வேன் வேற ஊருக்குப் போயிருக்கு, சாயங்காலம் வரும்னான். சாயங்காலம் வந்தான். அதக் குத்தம் சொல்ல முடியுமா? வந்தானா இல்லையா? டவுனு ஆஸ்பத்திரியில பாத்துட்டு, அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போச்சு, அந்தக் கண்ணுக்கு இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாவ.

நான் அழுதேன் தம்பி. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல, அத்தனை பேரு முன்னால. இவதான் என் முதுகத் தடவுனா. கண்ணு போனது அவளுக்கு, ஆறுதல் சொன்னதும் அவ.

இப்ப எடது கண்ணு இருக்கு. அதுலயும் வெளிச்சம் இருட்டுதான் தெரியுது. அதுக்குத்தான் இன்னைக்கு செல்வினோட டவுனு ஆஸ்பத்திரிக்கே போறோம். எல்லாத்துக்கும் காரணம் யாருன்னு நெனைக்கிய? அந்தம்மாதான்! ஒழுங்கான ஆளா இருந்தா பாதியில விட்டுட்டுப் போவாகளா? எங்க ஊர்ல இருந்து செஞ்சு முடிச்சிருக்கணுமா இல்லையா? நான் அன்னைக்கே சொன்னேன், ஒரு பயலும் கேக்கல...

என்னட்டி? தூங்கலையா நீ? எப்ப முழிச்ச?

என்ன சொல்லுத? சத்தமாச் சொல்லு, பஸ்ஸு எரைச்சல்ல கேக்கல.

தம்பி, இவ என்ன சொல்லுதா கேட்டியளா? "மனு எழுதுனது நீங்கதான்னு பொன்னுத்தாயி அன்னைக்கே சொன்னா. எங்க வீட்டுக்காரவுக அப்படிச் செய்ய மாட்டாகன்னு அவகூடச் சண்டை போட்டு, இந்நாள் வரைக்கும் பேச்ச விட்டுட்டேன்"ங்கா. "உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூட இல்ல. அவ்வளவு நம்பினேன்"ங்கா.

ஏட்டி, உன் நல்லதுக்குத்தானட்டி... இவ ஏன் எந்திரிக்கா? ஏ, உக்காரு. பஸ்ஸ்டாண்டு இன்னும் வரல. இது பெரியாஸ்பத்திரி ஸ்டாப்பு. தம்பிதான் இங்கன எறங்கணும். என்ன, நீயும் எறங்குதியா? செல்வின் பஸ்ஸ்டாண்டுல காத்துக்கிட்டு நிக்காண்டி!

"செல்வின் பின்னால போகணும்னா நீங்க போங்க. இந்த ஒரு கண்ண நான் செண்பகம் டாக்டர்கிட்ட காட்டிக்கிடுதேன். தம்பி, உங்க கையக் கொஞ்சம் குடுங்க."

தம்பி, நீங்க பாட்டுக்குக் கையக் குடுக்கிய! யாரு நீங்க? உங்க ஊரக்கூட நீங்க சொல்லல. வடிவு, முன்ன பின்ன தெரியாத ஆளு! கண்டக்டர், விசில் ஊதிராதிய, நானும் எறங்குதேன். என் செருப்பு சீட்டுக்கு அடியில போயிட்டு. இருங்கய்யா, இருங்க. ஒரு செருப்பு கெடந்தாக் கெடக்கட்டும்.

தம்பி, நில்லுங்க. வயசான மனுசன் ஓடி வாரேன்ல்லா. அவ கைய இங்கன குடுங்க. நான்தான் வீட்டுக்காரன். ஏட்டி, என் கையப் பிடி. பிடிக்க மாட்டியா? சரி. பிடிக்க வேண்டாம். கோவம் இருக்கும். நான் பின்னாலயே வாரேன். நீ முன்னால நட, நான் பாத்துச் சொல்லுதேன். எடது பக்கம் ஆம்புலன்ஸ் நிக்கி. வலது பக்கம் மருந்துக்கடை. நேராப் போகணும். நேரா. ஆங், நில்லு, முன்னால படி இருக்கு. காலத் தூக்கி வை.

ஏன் நிக்க? படி இருக்குட்டி. நெசமாத்தான் சொல்லுதேன், உன் முன்னாலதான் இருக்கு.

பாருங்க தம்பி. இத்தன வருசமா என்கூட இருக்கவ. உங்கள்ட்டத் திரும்பி, "தம்பி, அங்க படி இருக்கா?"ன்னு கேக்கா.

சொல்லுங்க தம்பி. இருக்குன்னு சொல்லுங்க.